கொச்சிப் பரதேசியார் பள்ளியும் அதன் வார வழிபாடும்

பள்ளி என்னும் சொல் தமிழில் உறங்குமிடத்தையும் துறவோர் உறைவிடத்தையும் கல்வி பயிலுமிடத்தையும் ஒருங்கே குறித்து வருவது. சமணர் பள்ளியையும் நாகப்பட்டினத்துப் பௌத்தப் பெரும்பள்ளியையும் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் கூறும். கி. பி. 849-இல் எழுந்த கொல்லத்துச் செப்பேடு கிறித்தவர் கோயிலைத் தரிசாப்பள்ளி என்று குறிக்கும். இசுலாமியர் தொழுமிடம் இன்றும் பள்ளிவாசல் எனப்படும். இவ்வரிசையில் நம் அறிஞர் பெரிதும் நோக்காது விட்ட ஒரு வழக்கு உண்டு. மலையாள நாட்டு யூதர் தம் தொழுகைக்கூடத்தைப் பள்ளி என்றே அழைத்தனர் என்பதே அது.

இவ்வழக்கு அண்டை வீட்டாரிடமிருந்து கொண்ட கடன்சொல்லேயாயினும், பொருளுக்கு மிகவும் பொருந்தியது. எபிரேய மொழியில் தொழுகைக்கூடத்திற்கு வழங்கும் பெயர் ‘கூட்டத்தின் இல்லம்’ எனப் பொருள்படும். ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த யூதர் தம் பேச்சுமொழியில் அதனைக் கல்விச்சாலை என்று பொருள்படும் சொல்லால் வழங்கினர். கூடுதல், தொழுதல், கற்றல் என்னும் மூன்றும் அவ்வில்லத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் நிகழ்ந்தன. ஆதலின் அங்கு ஏடு ஓதும் உரிமை எவர்க்கு உண்டு, எவர்க்கு இல்லை என்னும் வினா, சமூகத்தில் உறுப்பினர் எவர் என்னும் வினாவாகவே முடிந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டு எழுந்த பரதேசியார் பள்ளியின் வரலாற்றைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

யூதர்க்கும் தமிழ் வழங்கிய நிலத்திற்கும் உள்ள தொடர்பைப் பேசுவோர் பெரும்பாலும் எபிரேயத் திருமறையில் சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களின் பெயரிலிருந்து தொடங்குவர். ‘துக்கி’ என்னும் எபிரேயச் சொல் தோகையிலிருந்து வந்தது என்பது கால்டுவெல் முதலாயினோர் எடுத்துரைத்த கருத்து. அது நம் செவிக்கு இனியதாயினும், ஓரிரு சொற்களின் ஒலியொப்புமையை மட்டும் பற்றிக்கொண்டு வரலாறு எழுதுதல் உறுதியான அடிப்படையாகாது. எருசலேம் திருக்கோயில் கி. பி. 70-இல் அழிந்தபின் யூதர் கொடுங்கல்லூரை அடைந்தனர் என்பதும் அவர்தம் மரபுரையே. ஐயத்திற்கு இடமின்றிக் கிடைக்கும் சான்று செப்பேடுகளே.

மேற்கூறிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சான்றாளர் சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் கையொப்பமிட்டுள்ளனர். இதனினும் விளக்கமானது சேரமன்னன் பாசுகர இரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஈசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடு. இதன் காலம் கி. பி. 1000-ஐ ஒட்டியது என்பது எம். ஜி. எஸ். நாராயணன் துணிபு. வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்து விரவப் பொறிக்கப்பட்ட இச்சாசனத்தைத் தமிழ் பயின்றோர் பெருமுயற்சியின்றிப் படித்துப் பொருள் கொள்ள இயலும். அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு விடுபேறும் அத்தலைவனுக்கு அளிக்கப்பெற்றன. உல்கும் துலாக்கூலியும் நீக்கப்பெற்றன. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் ஆகியவற்றை ஆளும் சிறப்பும் தரப்பெற்றது. உல்கு என்னும் சொல்லைப் பட்டினப்பாலை பயின்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு பிற்காலத் தமிழகக் கல்வெட்டுக்களில் இசுலாமிய வணிகரோடு தொடர்புற்று வருதலும் கருதத்தக்கது.

ஆயினும் இச்செப்பேடு கூறாத ஒன்று உண்டு. குடையும் பறையும் பெற்ற அக்குடியினர் ஓய்வுநாளில் எங்குக் கூடினர், யாது ஓதினர் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சாசனம் அரசன் தந்ததைக் கூறுமேயன்றி மக்கள் தாமே செய்துகொண்டதைக் கூறாது. அதற்கு நாம் கட்டடங்களையும் கல்லெழுத்துக்களையும் வழிபாட்டு வழக்கங்களையும் நோக்குதல் வேண்டும். கொச்சங்காடி என்னுமிடத்தில் இருந்து மறைந்த ஒரு தொழுகைக்கூடத்தின் எபிரேயக் கல்வெட்டு இன்று பரதேசியார் பள்ளியின் முற்றத்துச் சுவரில் உள்ளது. அதன் ஆண்டு 1344-ஐ ஒட்டியது. சேந்தமங்கலத்துத் தொழுகைக்கூடத்தின் முன்னுள்ள ஒரு பெண்மணியின் கல்லறைக்கல் 1269-ஆம் ஆண்டினது. கொடுங்கல்லூர்த் துறை தளர்ந்து, போர்த்துக்கீசியர் இடரும் மிகுந்தபின், யூதருட் பலர் கொச்சி மன்னரின் புகலை நாடினர். அவர் தம் அரண்மனையை அடுத்தே அவர்களுக்கு நிலம் நல்கினார். அரண்மனைக் கோயிலும் யூதர் பள்ளியும் இன்றும் அடுத்தடுத்து நிற்றலைக் காணலாம்.

பரதேசி என்னும் சொல் இக்காலத் தமிழில் இரந்துண்பானைக் குறித்து இழிந்துவிட்டது. அங்கோ அது பிறதேயத்தார் என்னும் பழம்பொருளிலேயே நின்றது. இசுபானியா முதலிய நாடுகளிலிருந்து 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் துரத்தப்பட்டு வந்தோரும், பின்னர் மேற்காசியாவிலிருந்து வந்தோரும் பரதேசியார் எனப்பட்டனர். முன்னரே வாழ்ந்தோர் மலபாரி யூதர் எனப்பட்டனர். மலபாரியர்க்குக் கடவும்பாகம், தெக்கும்பாகம் என்னும் பெயருடைய பள்ளிகள் மட்டாஞ்சேரியிலும் எறணாகுளத்திலும் இருந்தன. பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களிலும் அவர்க்குப் பள்ளிகள் உண்டு. பரதேசியார் பள்ளி ஒன்றே. 1662-இல் போர்த்துக்கீசியர் அதனைச் சிதைத்தனர். ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபின் அது திருத்திக் கட்டப்பெற்றது. ஒல்லாந்தக் குழுமத்தின் பெருவணிகரான எசக்கியேல் ரஹாபி 18-ஆம் நூற்றாண்டில் மணிக்கூண்டை எழுப்பினார். நீலமும் வெண்மையுமாய் ஓவியந்தீட்டிய சீன ஓடுகள் தரையில் பதிக்கப்பட்டதும் அந்நூற்றாண்டிலேயே. காண வருவோர் பலர் இவ்வோடுகளையும் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் மட்டும் வியந்து மீள்வர். நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது அவற்றினிடையே நிகழ்ந்த செயலாகும்.

யூதர்க்கு நாள் என்பது ஞாயிறு மறைதலில் தொடங்கும். எனவே ஓய்வுநாள் வெள்ளி மாலையில் தொடங்கிச் சனி இரவில் விண்மீன் தோன்றும் வரை நீளும். அக்காலத்துள் தீ மூட்டலாகாது, அடலாகாது, எழுதலாகாது, வாணிகம் கூடாது. விலக்கப்பட்ட வினைகளை முப்பத்தொன்பது வகையாக அவர்தம் சட்டநூல் வகுத்துள்ளது. ஆதலின் வெள்ளி பகலெல்லாம் வீடுகளில் வேலை மிகும். உணவு முன்னரே சமைக்கப்படும். ஞாயிறு மறையுமுன் மகளிர் எண்ணெய் விளக்கேற்றுவர். பள்ளியிலும் தேங்காயெண்ணெய் வார்த்த கண்ணாடிக் கிண்ண விளக்குகள் ஒளிரும். வந்தோர் செருப்பைக் களைந்து வெறுங்காலோடு உள்ளே புகுவர். பிறநாட்டு யூதரிடத்துப் பெரும்பாலும் காணப்படாத இவ்வழக்கம், கோயிலும் பள்ளிவாசலும் சூழ்ந்த நிலத்தில் அவர் கொண்டது போலும். மாலைத் தொழுகை முடிந்து இல்லம் சேர்ந்தபின் திராட்சை மதுவின்மேல் வாழ்த்துரைத்து உண்பர். திராட்சை விளையாத நாட்டில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து இம்மதுவை இல்லத்திலேயே செய்துகொண்டனர்.

சனிக்கிழமைக் காலை வழிபாட்டின் நடுநாயகம் திருச்சட்ட ஓதுதலாகும். மோசேயின் ஐந்நூல்களும் ஐம்பத்து நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டு, வாரந்தோறும் முறையே ஓதப்பட்டு, ஓராண்டில் முற்றுப்பெறும். இறுதிப் பகுதி முடிந்த அன்றே முதற்பகுதி தொடங்கிவிடும். எருசலேம் நோக்கிய மேற்குச் சுவரிலுள்ள திருப்பேழையைத் திறந்து தோற்சுருளை எடுத்து வருவர். வெள்ளிக்கூடு பொதிந்து, பொன்முடி சூட்டப்பெற்று வருதலின், அதனைக் காண்பார்க்குத் திருவுலா எழுந்தருளும் திருமேனி நினைவுக்கு வரும். உருவ வழிபாட்டை அறவே விலக்கியவர்கள் அத்துணைச் சிறப்பனைத்தையும் எழுத்துக்கே செய்தனர். பரதேசியார் பள்ளியிலுள்ள பொன்முடிகளுள் ஒன்று திருவிதாங்கூர் மன்னர் அளித்த கொடை.

மலையாள நாட்டுப் பள்ளிகளுக்கே சிறப்பாக உரிய அமைப்பு ஒன்று இங்கு உண்டு. கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த ஓதுமேடை எவ்விடத்தும் உள்ளதுதான். இப்பள்ளிகளிலோ மேல்மாடத்திலும் மற்றோர் ஓதுமேடை உண்டு. அது மகளிர் அமரும் பகுதிக்கு முன்னே அமைந்தது. ஓய்வுநாளிலும் திருவிழாக்களிலும் சுருளை மேலே கொண்டுசென்று அங்கிருந்தே ஓதினர். மகளிர் தனித்தே அமர்ந்தனர். சுருளை ஓதும் உரிமையும் அவர்க்கு இல்லை. ஆயினும் ஓதுவானின் குரல் எழுந்தது அவர் அமர்ந்த மரத்தடுப்பின் மிக அருகிலிருந்தே என்பது நோக்கற்பாலது.

இவ்வோதுதல் எளிதன்று. சுருளில் மெய்யெழுத்துக்களே உள. உயிரொலிக் குறியும் இசைக்குறியும் அதில் எழுதுதல் கூடாது. ஒரு சொல்லை எவ்வுயிரோடு ஒலிப்பது, எவ்விசையில் எடுப்பது, எங்கு நிறுத்துவது என்பனவற்றை ஓதுவான் முன்னரே நெட்டுருச் செய்திருத்தல் வேண்டும். பிழைபட ஓதின் சூழ இருப்போர் உடனே திருத்துவர். பண்ணும் பாடமும் வழிவழியாகக் காக்கும் நம் ஓதுவார் மரபை அறிந்தோர்க்கு இதன் அருமை புலனாகும். வேறுபாடு யாதெனின், இங்கு ஓதுதல் ஒரு குடிக்கோ ஒரு பணியாளர்க்கோ உரிய தொழிலன்று. ஓய்வுநாட் காலையில் எழுவர் ஒருவர்பின் ஒருவராகச் சுருளின்முன் அழைக்கப்படுவர். முதலில் குருகுலத்தார், அடுத்து லேவி குலத்தார், பின்னர் ஏனையோர். திங்கள், வியாழன் காலைகளிலும் சனி பிற்பகலிலும் மூவர் அழைக்கப்படுவர். ஆகவே பதின்மூன்று அகவை நிரம்பிய ஒவ்வோர் ஆண்மகனும் எழுத்தறிந்தவனாக இருந்தாக வேண்டும். சிறுவர்க்கு எபிரேயம் பயிற்றுதல் இதனாலேயே தவிர்க்கலாகாக் கடமையாயிற்று.

கற்பித்த முறையும் தமிழ் ஆய்வாளர் கருத்திற்குரியது. திருமறையின் எபிரேயத் தொடரைச் சொற்சொல்லாகப் பிரித்து ஒவ்வொன்றற்கும் நேர் மலையாளச் சொல் கூறிச் செல்லும் ஒரு மரபு அவர்களிடம் இருந்தது. அதற்குத் தம்சீர் என்று பெயர். அரபியில் உரை எனப் பொருள்படும் தஃப்சீர் என்பதன் திரிபு அது. மூலத்தின் சொல்வரிசை மாறாது உரைத்தலின், மலையாளத்தின் இயல்பான தொடரமைப்பு அதனுள் வளைந்து போகும். ஆயின் வாய்மொழியாகவே காக்கப்பட்டமையால், பொதுமலையாளத்தில் வழக்கொழிந்து தமிழோடு நெருங்கி நிற்கும் பழைய வடிவங்கள் சில அதில் எஞ்சின என்பர் இத்துறை ஆய்ந்த ஓஃபிரா கம்லியேல் முதலியோர். நூல்களுக்கு அவர்கள் தொலைநாட்டை எதிர்நோக்க வேண்டியிருந்தது. 1686-இல் ஆம்சுடர்டாமிலிருந்து மோசே பெரைரா டி பைவா என்னும் யூத வணிகர் வந்து கண்டு, தாம் கண்டவற்றைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதி அடுத்த ஆண்டு அச்சிட்டார். அதன்பின் அந்நகரத்து எபிரேய அச்சு நூல்கள் கொச்சிக்கு வரலாயின. கொடுங்கல்லூரின் எபிரேயப் பெயரால் சிங்கிலி முறை எனப்பட்ட கொச்சி வழிபாட்டுப் பாடல்களும் 18-ஆம் நூற்றாண்டில் ஆம்சுடர்டாமிலேயே அச்சேறின.

முறையாகப் பட்டம் பெற்ற யூதகுரு எவரும் இச்சமூகத்தில் நிலையாக இருந்ததில்லை. கற்றறிந்த முதியோரே வழிகாட்டினர். சமூகத்தின் தலைவருக்குக் கொச்சி மன்னர் அளித்த பட்டம் முதலியார் என்பது. வெள்ளிப்பூண் இட்ட கோல் அவர் கையில் இருந்தது. சபைக்கு யோகம் என்று பெயர். திருமணம், தண்டம், பள்ளிச் சொத்து ஆகியவற்றை யோகம் தீர்த்தது. முதலியாரும் யோகமும் பள்ளியும் ஆகிய நம் சொற்களைக்கொண்டே அவர்கள் தம் வாழ்வை ஒழுங்குசெய்தனர்.

இனி, யூதர் சட்டத்தின் ஒரு விதியைக் கூறாமல் மேற்செல்லலாகாது. பதின்மூன்று அகவை நிரம்பிய ஆடவர் பதின்மர் கூடினாலன்றிச் சுருளை எடுத்து ஓதுதல் கூடாது. இறந்தோர்க்காக மைந்தர் கூறும் வேண்டுதலும் அவ்வாறே. அரசன் தந்த நிலமும் வணிகர் தந்த ஓடும் பொன்முடியும் இருப்பினும், ஒன்பதின்மர் கூடிய இடத்தில் வழிபாடு குறைபட்டே நிற்கும். பத்தாமவன் செல்வனாயினும் ஏழையாயினும் சட்டத்தின்முன் ஒன்றே.

இத்தகைய சட்டத்தை உடையோர் பரதேசியார் பள்ளியில் வேறொரு வழக்கத்தை நிலைநாட்டினர். செல்வர் வீட்டு அடிமைகளாக இருந்து, யூத நெறியில் சேர்க்கப்பட்டு, விடுதலை பெற்றோரும் அவர் வழித்தோன்றல்களும் மெஷுஹ்ராரிம் எனப்பட்டனர். விடுவிக்கப்பட்டோர் என்பது அதன் பொருள். அவர்கள் பள்ளிக்கு வரலாம். ஆயின் கூடத்து இருக்கையில் அமரலாகாது. முன்னறையின் தரையிலோ படியிலோ இருத்தல் வேண்டும். சுருளின்முன் அழைக்கப்படும் பேறு அவர்க்கு இல்லை. பரதேசியாரோடு மணவுறவும் இல்லை. கற்றவராக இருந்தும் ஓத இயலாமற் போயினர் பலர்.

இவ்வேற்றத்தாழ்வு யூத நூல்களின் ஒப்புதல் பெற்றதன்று. கொச்சியில் நிலவிய இத்தகைய பிரிவினை பற்றி 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் வாழ்ந்த பெருஞ்சட்ட அறிஞர் தாவீது இப்னு சிம்ராவுக்கு வினா விடுக்கப்பட்டது. முறைப்படி நெறியிற் சேர்ந்து விடுதலை பெற்றோர் முழு யூதரே, அவரோடு மணவுறவும் கொள்ளலாம் என்பதே அவர் விடை. விடை கடல் கடந்து வந்தது, வழக்கம் அசையவில்லை. சாதிப் பாகுபாடு சூழ்ந்த நாட்டில் உயர்ந்தோர் எனப்படுதற்குத் தாழ்ந்தோர் எனச் சிலரைக் காட்ட வேண்டியிருந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். எனினும் பழியனைத்தையும் சூழலின்மேல் ஏற்றுதலும் நேர்மையன்று. செருப்பைக் களையும் வழக்கத்தை ஏற்றோரும் இவ்வழக்கத்தை ஏற்றோரும் அவர்களே. நூலறிவுடையோர் தம் நூலின் தீர்ப்பை அறிந்தே புறக்கணித்தனர்.

இதனை எதிர்த்து நின்றவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). மெஷுஹ்ராரிம் மரபில் பிறந்த இவர் எறணாகுளத்திலும் பின்னர்ச் சென்னையிலும் கல்வி பயின்று, சட்டப் பட்டமும் பெற்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்தில் இடம் பெற்றார். 1929-இல் லாகூர்க் காங்கிரசிலும் கலந்துகொண்டார். வைக்கம் அறப்போர் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. திருவிதாங்கூரில் ஆலய நுழைவு 1936-இலும் கொச்சியில் அதன் பின்னருமே வந்தது. அக்காலத்தே, அதே மண்ணில், தம் பள்ளியின் வாயிலில் சேலம் காந்தியடிகளின் அறவழியைக் கையாண்டார். வழிபாட்டைத் துறந்து வெளியே நின்றார். உள்ளே இருக்கும் உரிமையை வற்புறுத்தினார். யூதக் காந்தி என அவர் பெயர் பெற்றது இதனாலேயே. ஆலய நுழைவினின்றும் இப்போராட்டம் ஒருவகையில் வேறுபட்டது. வாயில் இவர்க்கு அடைக்கப்படவில்லை. இவர் வேண்டியது வாயிலைக் கடந்து இருக்கையும், இருக்கையைக் கடந்து ஓதுமேடையும் ஆகும். காண்பதற்கு அன்றி ஓதுவதற்கு உரிமை கேட்டார். 1930-களிலும் 1940-களிலும் அவ்வுரிமைகள் ஒவ்வொன்றாக, பெரிதும் தயங்கித் தயங்கியே வழங்கப்பெற்றன. முதலில் கூடத்தின் பின்வரிசையில் இடம். பின்னர்ச் சுருளின்முன் அழைப்பு.

உரிமை முழுமையுறும் காலத்திலேயே சமூகம் கலையத் தொடங்கிவிட்டது. 1948-இல் இசுரேல் நாடு தோன்றியது. மலபாரி யூதர் ஏறத்தாழ அனைவரும் 1950-களில், குறிப்பாக 1953 முதல் 1955 வரை, புறப்பட்டனர். அப்புறப்பாட்டிற்கு உழைத்தோருள் சேலமும் ஒருவர். அவர் மட்டும் கொச்சியிலேயே தங்கி அங்கேயே மறைந்தார். மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடு கொண்ட உட்புறம் பெயர்க்கப்பட்டு எருசலேமிலுள்ள இசுரேல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பரதேசியார் சிறிது காலம் தாழ்த்தே புறப்பட்டனர். 1968-இல் அவர்தம் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழாவிற்குத் தலைமை அமைச்சர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. அவ்விழாவிற்குப் பின் வந்த ஆண்டுகளில் பதின்மரைச் சேர்ப்பதே அரிதாயிற்று. வெளிநாட்டிலிருந்து காண வந்த யூதர் எவரேனும் உளரோ என்று வெள்ளி மாலைகளில் எதிர்நோக்கும் நிலை உண்டாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கற்றோரைப் படியில் அமர்த்திய பள்ளியில், பத்தாமவனாக எந்நாட்டான் வரினும் ஏற்கும் காலம் வந்தது.

ஆடவர் ஓதிய ஓசை இவ்வாறு அடங்க, எஞ்சியது மகளிர் பாடல் மரபு. எபிரேயச் சுருளை ஓதும் உரிமை பெறாத அவர்கள் திருமறைக் கதைகளையும் தம் பள்ளிகள் எழுந்த வரலாற்றையும் மணவாழ்த்தையும் மலையாளத்தில் பாடினர். ஆடவர் கேட்க மகளிர் பாடுதலை வேறு பல நாட்டு யூதர் விலக்கினர். கொச்சியில் அத்தடை இல்லை. பாடல்களைக் கைப்பட ஏடுகளில் எழுதித் தாயிடமிருந்து மகள் பெற்றுக் காத்தனர். இசுரேலுக்குச் சென்றபோது இவ்வேடுகளையும் கொண்டு சென்றனர். பரதேசியார், மலபாரியர் என்னும் பிரிவைக் கடந்து ஒரே பாடல் இருசாரார் ஏடுகளிலும் காணப்படுதல் குறிப்பிடத்தக்கது. பி. எம். ஜூசே, பார்பரா ஜான்சன், சக்கரியா சக்கரியா ஆகியோர் இவற்றைத் தொகுத்தும் ஆய்ந்தும் உதவினர். சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் இணைந்து 2005-இல் எபிரேய மொழிபெயர்ப்புடன் வெளியிட்ட தொகுதிக்குக் கார்குழலி என்று பெயர். தலைப்பைக் கேட்ட அளவிலேயே தமிழ் மாணவர் இப்பாடல்களின் உறவை உணர்வர். இவற்றிலும் தம்சீர் உரைகளிலும் பயிலும் பழஞ்சொற்களை, வேற்றுமை உருபுகளை, வினைமுற்றுக்களைப் பழந்தமிழ் இலக்கியத்தோடும் பாசுகர இரவிவர்மன் செப்பேட்டின் மொழியோடும் ஒப்பிட்டு நோக்கும் பணி இன்னும் பெரும்பகுதி எஞ்சியுள்ளது. எபிரேயமும் மலையாளமும் அறிந்தோர் தம் பங்கைச் செய்துள்ளனர். சொல்லாராய்ச்சி பயின்ற நம் பட்டமேற்படிப்பு மாணவர் இதனை ஆய்வுப்பொருளாகக் கொள்ளலாம்.